நான் பால் காய்ச்சாத வீடு

1

ஐயாவின் கல்வெட்டு என் கைக்கு வந்து சேர்ந்தபோது அவர் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி, வவுனியாவில் சோதனைக்காக விரித்துப் பார்க்கப்பட்டு, கொழும்பில் யாரோ வீட்டு அலுமாரிக்குள் மூன்று மாதம் கிடந்து, கடைசியில் ஒஸ்லோவுக்கு வந்த ஒரு பெண்ணின் பெட்டிக்குள் புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே ஏறி வந்தது. அங்கிருந்து தபாலில் இந்த வடக்கு மூலைக்கு. உறையைப் பிரித்தபோது ஐயாவில் மிளகாய்த்தூள் மணத்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்து அனுப்புவார்கள். இறந்தவரின் படம், இறந்த திதிக்கு ஒரு வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகள் அழுவதாக யாரோ புலவர் எழுதிக்கொடுத்த பாட்டு, பின்னுக்குக் கொஞ்சம் பக்திப் பாடல்கள். அதுதான் கல்வெட்டு. வாங்குகிறவர்கள் முதலில் புரட்டுவது வெண்பாவை அல்ல. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன போட்டிருக்கிறது என்பதைத்தான். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், லண்டன், கனடா. இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பது அந்த அடைப்புக்குறிகளில்தான் இருக்கிறது என்று எங்கள் சனத்துக்கு ஒரு முடிவு.

ஐயாவின் கல்வெட்டு பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகியிருந்தது. கடதாசித் தட்டுப்பாடு; அங்கே பத்திரிகையே அந்தத் தாளில்தான் வருகிறது. நீலக் கோடுகளின் மேல் கறுப்பு எழுத்து. படத்தில் ஐயாவின் நெற்றித் திருநீற்றோடு நாலாவதாக ஒரு நீலக் குறியும் ஓடியது.

ஆறாம் பக்கத்தில் பிள்ளைகள். மூத்த மகன் தர்மலிங்கம் (ஆசிரியர்). இளைய மகன் சிவபாதசுந்தரம் (முகாமையாளர், ஏற்றுமதி நிறுவனம், நோர்வே).

இதை நான் வாசித்தது மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, தலையில் வலைத் தொப்பி, மேலங்கியில் கொட் மீனின் செதில். முகாமையாளர் தன்னைப்பற்றித் தானே வாசித்துவிட்டு, மணி அடித்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு, மீன் ஓடிவரும் பெல்ட்டடிக்குப் போனார்.

2

பொய்யை ஐயாவோ அண்ணையோ இட்டுக்கட்டவில்லை. அதன் முழு உரிமையும் எனக்குத்தான்.

எண்பத்தி நாலில் ஊரை விட்டு வெளிக்கிட்டு, அடுத்த வருடம் இங்கே வேலை கிடைத்ததும், ஏற்றுமதிக் கொம்பனி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன் என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை. நாங்கள் வெட்டுகிற மீனை எங்கெங்கோ ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். மீன் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் வீடு மீன், இறைச்சி எந்த மச்சமும் ஏறாத வீடு. முட்டை வாங்கினால்கூட முற்றத்தோடு நிற்கும். கொடிகாமம் சந்தையில் தேங்காயும் காய்கறியும் மொத்தமாக எடுத்து விற்ற ஐயா, கருவாட்டுப் பக்கம் வந்தால் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார். அவருக்கு எப்படி எழுதுவது, உங்கள் மகன் விடியற்காலையிலிருந்து பின்னேரம் வரை மீனின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறான் என்று?

இரண்டு வருடம் கழித்து மேற்பார்வையாளர் என்று எழுதினேன். பிறகு முகாமையாளர். இங்கே யாரும் எனக்குப் பதவி உயர்வு தரவில்லை என்பதால் நானே எனக்குத் தந்துகொண்டேன். வரி இலாகாவின் படிவத்தில் மட்டும் தொழிலாளி என்று ஒழுங்காக எழுதுவேன். அரசாங்கத்துக்கு உண்மையும் அப்பனுக்குப் பொய்யும் சொல்லி வாழ்ந்தவன் நான்.

படிவம் என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும். வந்த புதிதில் பொலிஸ் அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்றில்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும் என்று கையால் பாதியும் ஆங்கிலத்தால் பாதியுமாக விளக்கினேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, குடும்பப் பெயர் கந்தையா என்று எழுதினார். சிவபாதசுந்தரம் என்பதை இந்த ஊரில் ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே அலுமாரியில் கந்தையா, சம்பளத் துண்டில் கந்தையா, எங்கள் பகுதியை நடத்துகிற இங்கர் என்ற மனுசியின் வாயிலும் கந்தையா.

ஊரில் ஐயாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன். இங்கே பத்து வருடமாக, கந்தையா கத்தியைத் தீட்டு, கந்தையா பெட்டியைத் தள்ளு. ஐயா காலமான செய்தி கொழும்பிலிருந்து ஐந்து நாள் பிந்தி வந்தது. விடுமுறைக்கு அலுவலகத்தில் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு மூன்று மாதமாகும் என்றேன். அப்படியென்றால் மூன்று மாதம் கழித்து விடுமுறை எடு என்றார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது, சட்டம் அப்படி. சுகமில்லை என்று சொல்லி மூன்று நாள் வீட்டில் கிடந்துவிட்டு நாலாம் நாள் போனேன். இங்கர் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு, கந்தையா, எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

3

இத்தனை மீனையும் வெட்டி என்ன செய்தாய் என்று கேட்டால், வீடு கட்டினேன்.

பழைய வீட்டுக்குப் பக்கத்துத் தென்னங்காணியில், எண்பத்தெட்டிலும் எண்பத்தொன்பதிலும் எழும்பிய வீடு. கீழே நாலு அறை, மேலே மூன்று. மொசெக் தரை, முன்னுக்கு வளைந்த பல்கனி, அறையோடு சேர்ந்த குளியலறை. மேல்மாடி எதற்கு என்று ஐயா ஒருமுறை எழுதிக் கேட்டார். அவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. நான் நேராகப் பதில் எழுதவில்லை. நேரான பதில் இதுதான்: லண்டனில் இருக்கும் என் மச்சான் அதே ஒழுங்கையில் கட்டிய வீடு ஒரு தட்டு.

வீட்டை நான் படங்களிலும் ஒரு வீடியோக் கசெற்றிலும்தான் கண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கசெற்றைப் போட்டுப் பார்ப்பேன். கமெரா படியேறும், பல்கனிக்குப் போகும், தென்னைகளைக் காட்டும், இறங்கும். மனைவி மலர் குசினிக்குள் இருந்தபடியே, உந்த வீட்டிலை ஒரு கதிரைகூட இல்லை, உதை எத்தினை தரம் பாக்கிறியள் என்று கேட்பாள். அவளுக்கு ஒஸ்லோ போகவேண்டும். அங்கேதான் சனம் சனமாக வாழ்கிறார்களாம். அவளுடைய சிநேகிதி வீட்டில் தோல் சோபா, எங்களுக்குத் துணிச் சோபா. இந்த வருடம் ஒன்று வாங்கினால் அடுத்த வருடம் அதைவிடப் பெரிதாக இன்னொருவர் வாங்குவார். அவரைப் பார்க்கப் போய் வந்து இரண்டு நாள் நாங்கள் கதைக்காமல் இருப்போம். எதற்காக இந்த ஓட்டம் என்று பெல்ட்டடியில் நின்று பலநாள் யோசித்திருக்கிறேன். விடை வருவதற்குள் அடுத்த மீன் வந்துவிடும்.

வீட்டு விஷயத்தில் ஐயாவுக்கு நான் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. நான் வந்து பால் காய்ச்சும் வரை யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. ஊரைக் கூட்டி, வாழை கட்டி, என் கையால் அடுப்பு மூட்டிப் பால் பொங்கவேண்டும். குடிபூரலுக்கு யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு பட்டியல்கூட வைத்திருந்தேன். அதில் மச்சான் முதலாவது.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. வலிகாமத்தின் வடக்குக் கரைச் சனம் எல்லாம் எழும்பி, பூட்டிக் கிடக்கும் வீடுகளில் தங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உடனே ஐயாவுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தின் ஒரு வரி இப்போதும் எனக்கு மனப்பாடம்: ஆக்களை இருக்க விட்டால் பிறகு எழுப்ப முடியாது, அவர்கள் எப்படிப்பட்ட ஆக்கள் என்றும் நமக்குத் தெரியாது. எப்படிப்பட்ட ஆக்கள் என்று நான் எதைக் கேட்டேன் என்பது இதை ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு விளங்கும். சாதியைத்தான் கேட்டேன்.

ஐயாவின் பதில் மூன்று வரி. வீடு நல்லாக இருக்கிறது. யோசிக்க வேண்டாம். ஆள் கிடைத்தால் நல்லெண்ணெய் அனுப்புகிறேன், கைக்குப் பூசு.

அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று, சிலவேளை இரண்டு, நல்லெண்ணெய்ப் போத்தல் வந்துகொண்டிருந்தது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் ஊர் காய்ந்துகொண்டிருந்த காலத்தில், செக்கில் ஆட்டி, மூடிக்கு மேல் மெழுகு உருக்கி ஊற்றி, வருகிற போகிறவர்களின் கையைக் காலைப் பிடித்து அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை, கைக்குப் பூசு. தலைக்கு என்று எழுத நினைத்துக் கிழவர் தடுமாறுகிறார் என்று நாங்கள் சிரித்தோம். மலர் அதில் கத்தரிக்காய் பொரித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

4

வைகாசியில் ஒரு நாள் அபியின் வகுப்பைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிவந்தார்கள். அபி என் மகள், பத்து வயது. தமிழில் சாப்பிட்டாச்சு, போதும், வேண்டாம் என்ற மூன்றும் நன்றாக வரும்.

இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளின் தகப்பனோ தாயோ மீனோடுதான் பிழைக்கிறார்கள். பிள்ளைகள் வருவார்கள், தங்கள் அப்பாவைக் கண்டால் கை காட்டுவார்கள், அவர் கத்தியை எடுத்து ஒரு மீனை இரண்டு வெட்டில் பிளந்து காட்டுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே அபியின் சிவப்புத் தொப்பியைக் கண்டதும் குளிர் அறைக்குள் போய்விட்டேன். பெட்டிகளை எண்ணுகிறவன்போல இருபது நிமிடம் உள்ளே நின்றேன். யாரிடமிருந்து ஒளித்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கொடிகாமம் இங்கிருந்து எத்தனையோ ஆயிரம் மைல்.

வெளியே வந்தபோது தாசன் பிள்ளைகளுக்கு மீன் பிளந்து காட்டி முடித்திருந்தார். யேசுதாசன், மயிலிட்டி ஆள், எண்பத்தெட்டில் இங்கே வந்து சேர்ந்தவர். கடல் தொழில் செய்த குடும்பம். எங்கள் பகுதியில் அவரைப்போலக் கத்தி பிடிப்பார் இல்லை. நோர்வேக்காரரே நின்று பார்ப்பார்கள். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அண்ணை என்று சொல்லவேண்டியவரை நான் ஏழு வருடமாகத் தாசன் என்றுதான் கூப்பிட்டேன். சாப்பாட்டறையில் அவர் ஒரு மேசை, நான் வேறு மேசை. யாரும் அப்படிப் பிரித்து விடவில்லை. ஊரில் விட்டுவிட்டு வரவேண்டியதை நான்தான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

பின்னேரம் வீட்டில் அபி என்னோடு கதைக்கவில்லை. பிறகு நோர்வே மொழியில் கேட்டாள், எல்லாருடைய அப்பாவும் வந்தார்கள், நீங்கள் ஏன் வரவில்லை? வேலை இருந்தது என்றேன். நான் ஓடியதைத் தான் கண்டதாகச் சொன்னாள். மேசையில் கிடந்த கல்வெட்டைப் புரட்டி, உங்கள் பெயர் எது என்று கேட்டாள். காட்டினேன். பக்கத்தில் அந்த வளைவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவள் யோசித்துவிட்டு, அது இங்கரின் வேலை அல்லவா என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போய்ப் படி என்று கத்தினேன். படிக்க ஒன்றும் இல்லை, இங்கே பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் அரை மணித்தியாலம்தான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

5

ஒஸ்லோவில் இருந்து வேறொரு நச்சரிப்பு. கல்வெட்டைக் கண்ட சிநேகிதர்கள், கொப்பித் தாளில் இருப்பது உன் தரத்துக்குச் சரியில்லை, ஆண்டுத் திவசத்துக்கு இங்கே வழுவழுப்பான தாளில் கலரில் அடிப்போம், மண்டபம் எடுத்து முந்நூறு பேருக்குக் கொடுப்போம் என்றார்கள். எனக்கும் ஆசை வந்தது, ஒளிக்கத் தேவையில்லை. அச்சுக்காரர் ஐயாவைப்பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார்.

சாப்பாட்டறையில் ஒரு வாரம் பேனாவோடு இருந்தேன். கந்தையா அவர்கள் கொடிகாமத்தில் பிறந்தார். வியாபாரம் செய்தார். பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைத்தார். அதற்கு மேல் ஒரு வசனம் வரவில்லை. ஐயா எதற்காக வாழ்ந்தார், எதில் சந்தோஷப்பட்டார், எதற்குப் பயந்தார், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவருக்குப் பிடித்த கறி எது என்றுகூடத் தெரியாது. என்னைப்பற்றி எழுதச் சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் நிரம்பியிருக்கும்.

தாசன் தேத்தண்ணியோடு என் மேசையடியில் வந்து நின்றார். கல்வெட்டைப் பார்க்கலாமோ என்று கேட்டார். கொடுத்தேன். முதல் பக்கப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இவரின்ரை வீட்டிலைதான் என்ரை அம்மாவையள் ஒண்டரை வருசம் இருந்தவை," என்றார். "உங்கடை மேல்வீட்டிலை."

நான் அவரை இருக்கச் சொன்னேன். ஏழு வருடத்தில் முதல் தடவை.

அவர் சொன்னது இது. தொண்ணூறில் மயிலிட்டியில் ஷெல் விழத் தொடங்கியதும் வள்ளம், வலை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுச் சனம் நடந்தது. தாசனின் தாயும், கைக்குழந்தையோடு தங்கையும், இன்னும் இரண்டு குடும்பமும் கொடிகாமம் வரை வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. எங்கள் வீட்டுப் படலையடியில் நிழலுக்கு நின்றிருக்கிறார்கள். ஐயா வெளியே வந்து, எந்த இடம் என்று கேட்டார். சொன்னார்கள். உள்ளே போய்த் திறப்புக் கோர்வையை எடுத்துவந்து புதுவீட்டைத் திறந்தார்.

அவர்கள் உள்ளே காலை வைக்கப் போக, கொஞ்சம் நில்லுங்கோ என்று மறித்தாராம். மறுபடி பழைய வீட்டுக்குப் போய், தன் பசுவின் பாலை ஒரு செம்பில் கொண்டுவந்து தாசனின் தாயிடம் கொடுத்தார்.

"இது இன்னும் பால் காய்ச்சாத வீடு, பிள்ளை. முதலிலை இதைக் காய்ச்சிக் குழந்தைக்குக் குடுங்கோ. பிறகு உங்கடை சமையலைச் சமைக்கலாம்."

நாங்கள் மச்சம் சமைக்கிற ஆக்கள் என்று அந்த அம்மா தயங்கினார். அடுப்பு உங்கடை, நான் அதுக்குள்ளை வரமாட்டன் என்றார் ஐயா. சொன்னபடி அவர் அந்த ஒன்றரை வருடமும் அந்தக் குசினிக்குள் போகவில்லை. அவர்கள் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் இல்லை. அதையும் தாசன் மறைக்காமல் சொன்னார். ஐயாவைப் பெரிய மகானாக்கி என் வேலையைச் சுலபமாக்க அவர் விரும்பவில்லை.

கதை அதோடு முடியவில்லை. தாசன் தாய்க்கு எழுதும் கடிதங்களில் தன்னோடு வேலை செய்கிற தமிழர்களைப்பற்றியும் எழுதுவார். கொடிகாமம் கந்தையரின் மகனும் இங்கேதான் மீன் வெட்டுகிறார் என்று எழுதியிருக்கிறார். ஒரு நாள் அந்த அம்மா, ஐயாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, அவரிடம் அதைச் சொல்லிவிட்டார். ஐயா அப்படியே படியில் இருந்துவிட்டாராம். கோபிக்கப் போகிறார் என்று இவர்கள் பயந்தார்கள்.

"ஒண்டே ஒண்டுதான் கேட்டவராம்," என்றார் தாசன். "அங்கை தண்ணி சரியான குளிரோ, பிள்ளையின்ரை கை விறைக்குமோ எண்டு."

விறைக்கும், என் மகன் இரவில் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறவன், இல்லாவிட்டால் விடிய விரலை மடக்க முடியாதாம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். ஐயா எழும்பிப் போகும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டார். மீன் கதை ஊருக்குள் போகக் கூடாது. வீட்டுக் கதை எனக்கு வரக் கூடாது. அவன் பால் காய்ச்ச ஆசையாக இருக்கிறான் என்றாராம்.

நான் என் கைகளைப் பார்த்தேன். உப்பிலும் குளிரிலும் வெடித்து, நகக்கண் எல்லாம் பிளந்து கிடந்தன. ஏழு போத்தல் எண்ணெய். ஏழையும் கத்தரிக்காயோடு தின்று முடித்திருந்தோம்.

துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். தெரிந்துகொண்டே என்னை நாலு வருடம் பொய் எழுத விட்ட ஐயாவில் கோபம். ஐந்து வருடமாக அடுத்த மேசையில் இருந்துகொண்டு வாய் திறக்காத இந்த மனிதனிலும் கோபம். ஏன் சொல்லவில்லை என்று சத்தமாகவே கேட்டேன். நோர்வேக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"நீங்கள் என்னோடை கதைச்சால்தானே நான் சொல்ல," என்றார்.

6

ஆவணியில் ஆண்டுத் திவசம் வந்தது. மண்டபம் எடுக்கவில்லை. வீட்டில் இலை போட்டு, தாசனையும் கூப்பிட்டோம். அண்ணை, இருங்கோ என்றேன். அந்தச் சொல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அவருக்கும் அது விளங்கியது. மலருக்கு முகம் சரியில்லை. மண்டபமும் இல்லை, கலர்ப் புத்தகமும் இல்லை, ஒஸ்லோவில் என்ன கதைப்பார்கள் என்ற கவலை அவளுக்கு. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அன்றைக்கு ஊரிலுள்ள என் அண்ணைக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். நான் மீன் வெட்டுகிறவன் என்று எழுதினேன். புதுக் கல்வெட்டு ஒன்று அடிக்கப்போகிறேன், அடைப்புக்குறிக்குள் மீன் தொழிற்சாலைத் தொழிலாளி என்று போடுவேன், தொண்ணூறில் ஐயா வீடு திறந்து கொடுத்ததை விவரமாக எழுதுவேன், அங்கே இருந்தவர்களின் பெயர்களை அனுப்பு என்று கேட்டேன். கடைசியில், இனி யார் படலையில் வந்து நின்றாலும் என்னைக் கேள், நான் ஓம் என்றுதான் சொல்வேன் என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடும் போட்டேன்.

கடிதம் போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமச் சனம் முழுக்க ஒரே நாளில் மழைக்குள் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். எனக்குள் ஓடிய நினைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது அண்ணை என்னைக் கேட்பான் என்றுதான் நினைத்தேன். சனம் சேற்றில் நடந்துகொண்டிருக்க, நான் அனுமதி கொடுக்கும் என் பெருந்தன்மைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கொழும்பிலுள்ள உறவினருக்கு மூன்று முறை தொலைபேசி எடுத்தேன், தர்மலிங்கத்திடமிருந்து ஏதும் தகவல் வந்ததா என்று. வந்தால் ஓம் என்று சொல்லிவிடுங்கோ என்று அவரிடமே சொல்லி வைத்தேன்.

போன வாரம் அண்ணையின் கடிதம் வந்தது. கொப்பித் தாளில் ஒற்றைப் பக்கம். பள்ளிக்கூட வாத்தியாரின் கையெழுத்து.

அன்புள்ள தம்பிக்கு. உன் கடிதம் கிடைத்தது. நீ மீன் வெட்டுவது எனக்கு ஐயா சொல்லித் தெரியும். கல்வெட்டில் உனக்கு என்ன போடுவது என்று ஐயா படுக்கையில் கிடக்கும்போதே கேட்டேன். அவன் எழுதினபடியே போடு, அவன் சொன்னதை நாங்கள் மாற்றக் கூடாது என்றார். ஆகையால் புதிதாக ஒன்றும் அடிக்க வேண்டாம். வீடு திறந்ததையும் எழுத வேண்டாம். ஐயா வாயால் சொல்லாததை நாங்கள் கலர்ப் படத்தோடு சொல்வது அழகில்லை.

வீட்டைத் திறந்துவிட்டேன். மேலும் கீழுமாக அறுபது பேருக்கு மேல். பல்கனியிலும் படுக்கிறார்கள். உன்னைக் கேட்டுக் கடிதம் போட்டுப் பதில் வர மூன்று மாதமாகும். வாசலில் நிற்கிற சனத்தை வைத்துக்கொண்டு தம்பியைக் கேட்டுக்கொண்டிராதே என்று ஐயா அப்போதே சொல்லி வைத்தவர். பசுவை விற்றுவிட்டதால் இம்முறை பால் இல்லை. நீ இதற்காக ஒன்றும் அனுப்ப வேண்டியதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இவ்வளவுதான் கடிதம்.

நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பத்து வருடமாகக் காசு அனுப்பினேன், படம் அனுப்பினேன், பொய் அனுப்பினேன், கட்டளை அனுப்பினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக ஒரே ஒரு ஓம் அனுப்ப ஆசைப்பட்டேன். அது அங்கே தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று ஐயா ஒரு முடிவோடுதான் போயிருக்கிறார். அந்த முடிவை மாற்ற இனி எனக்கு வழியே இல்லை. அவர் நினைத்தது பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

இங்கே இப்போது மார்கழி. சூரியன் எழும்பாது; பத்து மணிக்குக் கொஞ்சம் நீலமாக வெளிக்கும், இரண்டு மணிக்கு அதுவும் போய்விடும். காலையில் வெளிக்கிடும்போது மலர் ஒஸ்லோவில் வாங்கிய நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தந்தாள். கப்பலில் வந்த எண்ணெய், ஐயாவின் எண்ணெய்போல மணக்காது. இரண்டு கையிலும் பூசித் தேய்த்து, அதன் மேல் கையுறையைப் போட்டுக்கொண்டு போனேன்.

பெல்ட் ஓடத் தொடங்கியது. எதிர்ப் பக்கத்தில் தாசன் அண்ணை கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார். இங்கர் பெல்ட்டின் அந்தத் தொங்கலில் இருந்து, கந்தையா என்று கூப்பிட்டார்.

நோர்வே மொழியில் சொல்லவேண்டியதை மறந்துபோனேன். ஓம் என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. பெட்டியைத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். தள்ளினேன்.